மா இல்லாத ஒரு நாள்: சமையல் போட்டிகளும் நம்ம லயத்து ரொட்டியும்

2015இல் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' நிகழ்ச்சியின் ஆறாவது பருவத்தில் ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமா வந்தது. அந்த வாரம் சீனி இல்லாத கேக், பால் இல்லாத ஐஸ்கிறீம் ரோல், நடுவில் குளூட்டன் இல்லாத பிட்டா ரொட்டி. வழக்கமா கோதுமை மாவைக் கண்ணை மூடிக்கொண்டு பிசைகிற ஆட்கள், அன்றைக்குக் கையில் ஒட்டுகிற ஈரக் களியைப் பார்த்து முழிச்சாங்க. மாவைச் சேர்த்துப் பிடிக்க இசப்பகோல் உமித்தூள் கொடுத்திருந்தாங்க. ரொட்டி உப்புதா, நடுவில் பை மாதிரி பிரியுதா என்பதுதான் சோதனை. அதாவது, கோதுமை இல்லாமல் கோதுமை மாதிரியே செய்து காட்டணும்.

நம்ம பக்கத்து வீடுகளிலும் இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம். லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டெனா வந்ததிலிருந்து 'குக் வித் கோமாளி'யும், 2021இல் விஜய் சேதுபதி நடத்திய 'மாஸ்டர்செஃப் தமிழ்' நிகழ்ச்சியும் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர்செஃப் அவுஸ்திரேலியாவை யூடியூபில் துண்டு துண்டாப் பார்க்கிற தம்பி தங்கச்சிமாரும் நிறைய. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். தொலைக்காட்சிச் சமையல் போட்டிகள் குளூட்டன் இல்லாத சமையலை எப்படிக் கையாளுது? கோதுமை இல்லாவிட்டால் சமையலே இல்லை என்ற நிலைமை நம்ம மலையகத்துக்கு எப்போ, எப்படி வந்தது?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதுக்குப் பதில் ஏறக்குறைய இருநூறு வருசம்.

குளூட்டன்னா என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற புரதங்களைத்தான் பொதுவாகக் குளூட்டன் என்று சொல்றாங்க. கோதுமையில் இது முக்கியமாக இரண்டு புரதங்களால் ஆனது: குளூட்டெனின், கிளையடின். தண்ணி விட்டுப் பிசையும்போது இரண்டும் சேர்ந்து வலை மாதிரிப் பின்னிக்கொள்ளும். வீச்சு ரொட்டிக்கு மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிவதும், பாண் உப்புவதும் இந்த வலையால்தான். அரிசி மா, குரக்கன் மா, சோள மா எதிலும் இது கிடையாது. அதனால்தான் அரிசி மாவை வீச முடியாது, பிழியணும், அவிக்கணும், வார்க்கணும்.

பெரும்பாலானவர்களுக்குக் குளூட்டனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் உலக மக்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குச் சீலியாக் என்ற நோய் இருக்கு. குளூட்டன் உள்ளே போனதும் அவங்க உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். சாப்பிட்டது உடம்பில் சேராது. வயிற்றோட்டம், வயிறு ஊதல், இரத்தசோகை, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று பல உருவத்தில் வரும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவது ஒன்றுதான் வழி.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் தொடர்பு இருக்குன்னு நிரூபித்தவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பால் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை. ஊரே வாடிக் கிடந்தபோது சீலியாக் பிள்ளைகளுக்கு நிலைமை மோசமாகவில்லை. போர் முடிந்து பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950இல் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். ஒரு போர், ஒரு பஞ்சம், கோதுமை: இந்த மூன்றும் நம்ம கதையிலும் வரும், நேர் எதிராக. அங்கே போர் கோதுமையை எடுத்துக்கொண்டு போனது. இங்கே போர்தான் அதைக் கொண்டு வந்தது.

போட்டியில் அது ஒரு 'தடை'

தொலைக்காட்சிப் போட்டிகளில் குளூட்டன் இல்லாத சமையல் பெரும்பாலும் ஒரு வழியாகத்தான் வருது: தடையாக. 2009இல் அமெரிக்காவின் 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் ஸூயி டெஷனெல் என்ற நடிகை விருந்தாளி. இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது, குளூட்டனும் சோயாவும் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. பேர் போன சமையற்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் அந்த வாரத்துச் சுவாரஸ்யம். 2015 பேக் ஆஃபிலும் அதேதான். 2021இல் அதே நிகழ்ச்சி 'இன்னின்னது இல்லாத வாரம்' என்று கால் இறுதிக்கே ஒன்றை வைத்தது. அதில் குளூட்டன் இல்லாத கொண்டாட்டக் கேக் செய்யணும்.

இதில் நல்லதும் இருக்கு. இப்படி ஒரு நோய் உண்டு, இப்படிச் சாப்பிட வேண்டிய ஆட்கள் உண்டு என்று கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தெரிய வருது. தங்களுக்கு ருசியா ஒன்று கிடைக்காது என்று இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான்.

ஆனால் குறை மூன்று இருக்கு. முதலாவது, கோதுமைதான் அளவுகோல். கேக் கேக் மாதிரி இருக்கணும், பாண் பாண் மாதிரி இருக்கணும், கோதுமை இல்லை என்று நாக்கு கண்டுபிடிக்கக் கூடாது. இந்த அளவுகோலில் இடியப்பத்துக்கும் களிக்கும் இடமே இல்லை. அது ஒன்றையும் 'ஈடு' செய்ய வந்த சாப்பாடு இல்லையே.

இரண்டாவது, சுத்தம். குளூட்டன் இல்லாத உணவு என்று பொட்டலத்தில் போடுவதற்குச் சர்வதேச அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை கோதுமை மா போதும், அந்த அளவைத் தாண்டிவிடும். மா பறக்கிற அடுப்படியில், அதே பலகையில், அதே அரிப்பில் வேலை செய்தால் சீலியாக் உள்ள ஒருவர் அதைச் சாப்பிட முடியாது. போட்டியில் 'என்ன போட்டீங்க?' என்று கேட்கிற நேரம், 'எந்தப் பலகையில் வச்சீங்க?' என்று கேட்பதற்குக் கிடைப்பதில்லை. நோயாளிக்கு முக்கியமான கேள்வி இரண்டாவதுதான்.

மூன்றாவது, விலை. பாதாம் மா, இசப்பகோல், சாந்தன் பசை எல்லாம் மேசையில் அடுக்கி இருக்கும். யார் காசு கொடுத்தது என்று யாரும் பேசுவதில்லை. மலையகத்தில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

இதற்கு மாறாக ஒரு காட்சியும் உண்டு. 2021 மாஸ்டர்செஃப் அவுஸ்திரேலியா இறுதிப் போட்டியில் வங்காளப் பின்னணி கொண்ட கிஷ்வர் சௌத்ரி 'பாந்தா பாத்' வைத்தார். நம்ம பாஷையில் பழைய சோறு. சோற்றில் தண்ணி ஊற்றி இரவு முழுக்க வைத்த அதே சாப்பாடு, கூட உருளைக்கிழங்கு மசியலும் மீனும். உழைக்கிறவங்க காலையில் குடிக்கிற சாப்பாடு இறுதிப் போட்டி மேசைக்கு வந்துவிட்டது என்று நம்ம ஆட்களும் பகிர்ந்து கொண்டாடினாங்க. அந்தச் சோறும் தண்ணியும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதது. ஆனால் அது தடையைத் தாண்ட வந்த உணவு இல்லை, வீட்டுச் சாப்பாடாக வந்தது. எங்களுக்குப் பிடித்தது இந்த வழிதான்.

சரி, பழைய சோறு நம்ம சாப்பாடும்தானே? அப்போ நம்ம தோட்டத்தில் காலையில் ஏன் பழைய சோறு இல்லாமல் ரொட்டி?

கம்பிலிருந்து அரிசிக்கு

நம்ம முன்னோர் வந்த ஊர்களை எடுத்துக்கொள்ளுங்க. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம். பெரும்பாலும் மழையை நம்பின வறண்ட நிலம். அங்கே உழைக்கிற குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடு கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு, சாமை. கூழ், களி, கஞ்சி. நெல்லுச்சோறு நல்ல நாளைக்கு, பெரிய நாளைக்கு. இதில் ஒன்றில்கூடக் குளூட்டன் கிடையாது. இன்றைய போட்டி மொழியில் சொன்னா, ஒரு தலைமுறை முழுக்க 'குளூட்டன் ஃப்ரீ' சாப்பிட்டது, அதற்கு ஒரு பேர் வைக்கணும் என்று தோன்றாமலேயே.

1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியதும் ஆட்கள் வர ஆரம்பித்தாங்க. 1876-78 பஞ்சத்தில் இன்னும் கூட்டம் கூட்டமாக வந்தாங்க. தோட்டத்தில் கம்பு கிடையாது, கேழ்வரகு கிடையாது. தோட்டம் கொடுத்தது அரிசி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. அதுவும் சும்மா இல்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டு. 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. கீழே கோப்பியும் தேயிலையும் போனது, மேலே அரிசி மூட்டை வந்தது. கங்காணியிடம் வாங்கின முன்பணம், துண்டுக் கடன், அரிசிக் கணக்கு எல்லாம் சேர்ந்து சம்பள நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது. துண்டு முறையை 1921இல் சட்டம் தடை செய்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், அரிசியை நிர்ணயித்த விலைக்குத் தோட்டம் கொடுக்கணும் என்று சொன்னது. சம்பளச் சட்டத்துக்குள்ளேயே அரிசி உட்கார்ந்திருந்த காலம் அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஊரில் நம்ம ஆட்கள் விளைத்ததைத் தின்றாங்க, விளையாவிட்டால் பட்டினி கிடந்தாங்க. தோட்டத்தில் கொடுத்ததைத் தின்றாங்க. லயத்துக் காம்பராவும் இஸ்தோப்பும் தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவுக்குப் பக்கத்தில் நாலு மரக்கறிப் பாத்தி போடலாம், ஆனால் ஒரு வருசத்துக்குத் தேவையான குரக்கனை விளைக்க நிலம் கிடையாது. அடுப்பில் என்ன வேகணும் என்பதை அன்றிலிருந்து ஸ்டோரும் கடையும் அரசாங்கமும் தீர்மானிக்குது.

1942: அரிசி நின்றது, மா வந்தது

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. இலங்கை அப்போ தன் அரிசியில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. பர்மா அரிசி ஒரே அடியாக நின்றது. அரசாங்கம் பங்கீடு கொண்டு வந்தது. அரிசி அளவு குறைந்தது, குறைந்த இடத்தில் கோதுமை மா வந்தது.

கோதுமை இலங்கையில் விளைகிற பயிர் இல்லை. பாண் போர்த்துக்கேயர் காலத்துப் பேரோடு பட்டணத்தில் இருந்ததுதான். ஆனால் சாதாரணக் குடும்பங்களின் அடுப்படிக்குள் கோதுமை மா மூட்டையாக நுழைந்தது இந்தப் போர்க்காலத்தில்தான். போர் முடிந்தது, மா போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் எல்லாவற்றுக்கும் அரிசியும் மாவும்தான் அரசியல். 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. அதற்கு அஞ்சு வருசத்துக்கு முந்தி, 1948இல், நம்ம ஆட்களின் குடியுரிமை பறிபோயிருந்தது. அரிசி விலைக்காகப் பிரதமரே இறங்கின நாட்டில், வாக்கு இல்லாதவர்களின் அடுப்பைப் பற்றி யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

1954இல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை உதவியாகவும் கடனாகவும் வெளிநாடுகளுக்கு அனுப்பச் சட்டம் போட்டது. அதுதான் பி.எல். 480. இலங்கைத் தமிழில் வெள்ளைக் கோதுமை மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்ற பேர் பழைய ஆட்களின் வாயில் இன்றைக்கும் இருக்கு. கெயார் நிறுவனத்தின் உதவியில் பள்ளிக்கூடங்களில் கொடுத்த பணிஸையும் பிஸ்கட்டையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் பிரிமா நிறுவனத்தின் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு நாட்டின் எந்த மூலைக் கடையிலும் வருசம் முழுக்க இருக்கிற சாமான் கோதுமை மா.

ஏன் ரொட்டி நிலைத்தது?

மா எல்லாருக்கும்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் வந்தது, கொழும்புக்கும் வந்தது. ஆனால் நாட்டின் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் கோதுமை மாவை அதிகம் சாப்பிடுவது தோட்டத்துறைதான். காரணம் ருசி மட்டும் இல்லை, நேரம்.

காலையில் பெரட்டுக்குப் போகணும். அதற்கு முந்தி தண்ணி பிடிக்கணும், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடணும், சமைக்கணும். எல்லாமே பெண்களின் தலையில். சோறு என்றால் கறி வேணும், பருப்பாவது வேணும், விறகு கூட வேணும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணி 100 பாகையில் இல்லை, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணியின் சூடு குறைவு, அதனால் அரிசி வேக நேரம் கூடும். ரொட்டிக்கு இந்தக் கவலை இல்லை. மாவைப் பிசைந்து கல்லில் போட்டா வேலை முடிந்தது. தொட்டுக்கொள்ள ஒரு சம்பல். மலைக்குக் கொண்டு போகலாம், கெட்டுப் போகாது, சிந்தாது, கொழுந்துக் கூடையோடு நின்றபடியே கடிக்கலாம். இரண்டு தடித்த ரொட்டியும் சாயத்தண்ணியும் உள்ளே போனா மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

ஆக, லயத்து ரொட்டி சோம்பேறித்தனமும் இல்லை, அறியாமையும் இல்லை. சம்பளம், நேரம், விறகு, நிலம் நாலையும் கூட்டிக் கழித்து நம்ம அம்மாமார் கண்டுபிடித்த விடை அது. 'மலைநாட்டு ஆளுக ரொட்டிதான் தின்பாங்க' என்று நக்கல் அடிக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு நாள் போட்டுப் பார்க்கணும்.

ஆனால் அந்த விடைக்கு ஒரு விலையும் உண்டு. வெள்ளை மாவில் வயிறு நிறையும், இரும்புச் சத்து அவ்வளவாக இருக்காது. ரொட்டியோடு குடிக்கிற தேத்தண்ணியோ, இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வில், அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம்.

மாவும் இல்லாத காலம்

ஒரே சாமானில் தொங்கினா அது அறுந்தால் என்ன ஆகும் என்று இரண்டு முறை பார்த்துவிட்டோம்.

முதல் முறை 1973-74. உலகச் சந்தையில் கோதுமை விலையும் எண்ணெய் விலையும் ஏறியது. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு வெட்டப்பட்டது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. கிராமத்தில் நிலம் உள்ளவன் மரவள்ளி நட்டான். தோட்டத்தில் நிலம் கிடையாது. பட்டினிச் சாவுகள் நடந்தது, பிச்சை எடுக்க நகரங்களுக்குப் போனாங்க, பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினாங்க. நம்ம வீடுகளில் வயசானவங்க 'பஞ்ச காலம்' என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாம் முறை நம்ம கண் முன்னாலேயே. 2022 ஜனவரியில் விலைவாசிக்கு நிவாரணம் அறிவித்தது அரசாங்கம். அரச ஊழியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். சமுர்த்திக் குடும்பங்களுக்கு மேலதிகமாக 1,000 ரூபாய். தோட்டக் குடும்பங்களுக்கு? கிலோ 80 ரூபாய் வீதம் மாதம் 15 கிலோ கோதுமை மா. மற்றவங்களுக்குக் காசு, நமக்கு மா. எண்பது வருசத்துக்கு முந்தி போர்க்காலத்தில் வந்த ஏற்பாடு நிவாரணமாகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது, மார்ச்சில் ரூபாய் சரிந்தது, மா விலை சில மாதங்களிலேயே பல மடங்கு ஏறியது. நாள் சம்பளம் அப்போ 1,000 ரூபாய்.

சீலியாக் நமக்கும் வருமா?

இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்லணும். 2016இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வு, மூன்று வட்டாரங்களில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. சீலியாக் நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. ஆனால் அந்த நோய் வரத் தேவையான மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில். வடக்கில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

மலையகத்து மக்கள் வம்சத்தில் தென்னிந்தியர். தட்டில் கிடப்பதோ மூன்று வேளையில் ஒன்றோ இரண்டோ கோதுமை. கோதுமை சாப்பிட்டா எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மரபணு இருக்கிறவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் வரும். ஆனால் 'அது வெள்ளைக்காரன் நோய், வடநாட்டான் நோய்' என்று தள்ளிவிடக் காரணமும் இல்லை.

நம்மகிட்ட ஒரு கூடுதல் ஆபத்தும் இருக்கு. வளர்ச்சி குறைந்த, இரத்தசோகை உள்ள, அடிக்கடி வயிற்றோட்டம் வருகிற தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்தா 'வறுமை, சாப்பாடு போதவில்லை' என்றுதான் எல்லாரும் நினைப்பாங்க. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சத்துமா, இரும்பு மாத்திரை எல்லாம் கொடுத்தும் ஒரு பிள்ளை தேறவில்லை என்றால், டொக்டரிடம் சீலியாக் பற்றியும் கேட்கலாம். முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது. ஒன்றை மறக்கக் கூடாது: பரிசோதனை முடியும் வரைக்கும் ரொட்டியை நிறுத்தக் கூடாது. நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போனா நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

அதே மாதிரி, நோய் இல்லாதவங்க 'ஃபேஷனுக்கு' ரொட்டியை விடணும் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற மலிவான சாப்பாட்டை இழிவாக்கிவிட்டு, கடையில் பத்து மடங்கு விலைக்குப் பொட்டலம் விற்கிறது ஒரு வியாபாரம்.

விலக்கியே ஆகணும் என்ற நிலையில் இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது, நம்ம 'அரிசிச் சாப்பாடு' எல்லாம் அரிசி இல்லை. கடை இடியப்பத்தில் அவித்த கோதுமை மா கலப்பது சர்வசாதாரணம். புட்டிலும் அப்படித்தான். ஆப்ப மாவிலும் கலப்பாங்க. குரக்கன் ரொட்டி உடையாமல் வர பாதிக்குப் பாதி கோதுமை மா போடுவாங்க. ரவை கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா இருக்கும், சோயா சோஸிலும் கோதுமை உண்டு. இந்தப் பட்டியலை எந்தச் சமையல் போட்டியும் நமக்குச் சொல்லித் தராது. அவங்க பேசுற சமையலறை நம்ம சமையலறை இல்லை.

2023இல் இரண்டு கொண்டாட்டம்

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கம்பும் கேழ்வரகும் வரகும் பெரிய ஹோட்டல் மேசைகளுக்கு வந்தது. அதே வருசம், நம்ம மக்கள் வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த நடை அது. இரண்டும் ஒரே வருசத்தில் நடந்தது தற்செயல். ஆனால் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். அந்தப் பாதையில் முதலில் நடந்து வந்தவங்களின் ஊர்ச் சாப்பாடுதான் இப்போ 'சூப்பர் உணவு' என்று பேர் மாறி வருது. நம்ம அப்பாயி, அம்மாயிமார் களி கிண்டத் தெரிந்தவங்க பலர் போய்விட்டாங்க. இருக்கிறவங்களிடம் கேட்டு எழுதி வைக்க இப்பவே நேரம் குறைவு.

சரி, எங்களை ஒரு சமையல் போட்டி நடத்தச் சொன்னா? ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பள்ளிக்கூட மண்டபம் போதும். விதி இவ்வளவுதான். கோதுமை மா கிடையாது, ஆனால் 'கோதுமை மாதிரி' இருக்கணும் என்ற கட்டாயமும் கிடையாது. அரிசி, குரக்கன், சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு, பலாக்கொட்டை எதுவும் எடுக்கலாம். அஞ்சு பேருக்கு ஆகிற செலவு, அதே அஞ்சு பேருக்கு ரொட்டியும் சம்பலும் செய்கிற செலவைத் தாண்டக் கூடாது. விறகு அடுப்பு. ஒரு மணித்தியாலம், அதற்குள் தண்ணியும் பிடித்து வரணும். சமைத்தது கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிற மாதிரி இருக்கணும். பலகையும் பாத்திரமும் மா படாததா என்பதற்குத் தனி மதிப்பெண். நடுவர்களாகக் காலைப் பெரட்டுக்குப் போகிற மூன்று பேர்.

ஆண்களும் கட்டாயம் சமைக்கணும்.

அப்படி ஒரு போட்டியில் எத்தனை சாப்பாடு தேறும் என்று உங்களுக்குத் தோணுது? வீட்டில் கேட்டுப் பாருங்க. உங்க தோட்டத்தில் ரொட்டிக்கு முந்தி என்ன இருந்தது, பஞ்ச காலத்தில் என்ன தின்றாங்க, குரக்கனைக் கோதுமை சேர்க்காமல் எப்படித் தட்டுவது, எல்லாத்தையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்க. வருகிறதைச் சேர்த்து அடுத்த பதிவாகப் போடுறோம்.